இத்தா அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி

மச்சான் மௌத்தாகி மூன்றாம் கிழமை நான் மறுபடியும் வேலைக்குப் போனேன். தலைமன்னார் இறங்குதுறையில், சுங்க அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், எனக்குக் கிளாக்கர் உத்தியோகம், ஊரிலிருந்து ரயிலில் போய் வருவேன். எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்துச் சம்பளம் எடுத்த முதல் ஆள் நான்தான். வாப்பா தோணி பழுதுபார்ப்பவர். அவருடைய வாப்பாவும் அதே தொழில்தான். தங்கச்சிக்கு நான் நானா, அதாவது அண்ணன்; ஊரில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கந்தோர்' என்பார்கள். அந்தப் பட்டத்தை வைத்தவர் மச்சான், என் தங்கச்சியின் புருஷன். "என்ன கந்தோர், இண்டைக்குத் துரைக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்தியா?" என்று வாசலில் வைத்தே கேட்பார். எங்கள் வழக்கப்படி அவர் கலியாணம் முடித்து எங்கள் வீட்டோடு வந்து இருந்தவர். கருவாட்டு வியாபாரம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர் மழையில் நனைந்து வந்தார், காய்ச்சல் பிடித்தது, நெஞ்சில் சளி கட்டியது. கடைசி இரண்டு நாளும் மூச்சை எட்டி எட்டிப் பிடித்தார். பிறகு அதுவும் இல்லை.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டு இருந்தவன் அல்ல நான். வரவில்லை, அவ்வளவுதான். மச்சானின் மையத்தை அடக்கிவிட்டு வந்து கால் கழுவினேன், சாப்பிட்டேன், படுத்தேன். காதுக்குள் கடல் தண்ணீர் நின்றுவிட்டால் எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்குமே, அப்படித்தான் எனக்கு இருந்தது. கந்தோரில் கணக்கு எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன்.

தங்கச்சி இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்துக்கொண்டு ஓர் அறைக்குள் இருக்க வேண்டும். வாப்பா, கூடப்பிறந்தவன், தாய்மாமன் தவிர வேறு ஆம்பிளை அவளைப் பார்க்கக் கூடாது. அதைக் கேள்வி கேட்கிற ஆள் எங்கள் வீட்டில் இல்லை. அவளும் கேட்கவில்லை. அவள் எதையுமே கேட்கவில்லை. பாயில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள். பேச்சு இல்லை. உம்மா பிசைந்து கொடுக்கிற சோற்றில் இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொள்வாள். பரிகாரியார் கதவுக்கு வெளியே நின்று உம்மாவிடம் எல்லாம் விசாரித்துவிட்டு, "நோய் எண்டு ஒண்டுமில்லை. ஆனா இப்பிடியே போனா, இத்தா முடியுமட்டும் இந்த உடம்பு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மா அதைக் கேட்ட பிறகு குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். கழுவி வைத்த பாத்திரங்களைத்தான் மறுபடியும் கழுவினாள்.

இந்த நேரத்தில்தான் கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது.

இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரனுடைய சாமான் அது. இரும்புச் சட்டம் போட்ட தொட்டி, இரண்டு பேர் பிடித்தால் தூக்கலாம். இறக்கும்போது மூலையில் பூசியிருந்த களிம்பு விட்டு ஒரு பக்கக் கண்ணாடி கழன்று வந்துவிட்டது. உடையவில்லை. அந்த ஆள் அதைப் பார்த்து ஏதோ ஏசிவிட்டு, எனக்கு வேண்டாம் என்று ரயிலேறிப் போய்விட்டான். கொட்டகையில் எல்லாருடைய காலிலும் தட்டிக்கொண்டு கிடந்தது. எங்கள் மேலதிகாரி ஒருநாள் என்னைப் பார்த்து, ஒன்றில் இதைக் கடலில் எறி, இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டு போ என்றார். கடலில் எறிய மனம் வரவில்லை. ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று கேட்டால் அதுதான் காரணம். வேறு காரணம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ரயிலில் கொடி காட்டுகிற காட் இருக்கிற பெட்டியில்தான் ஏற்றினேன். காட் கேட்டார்: "தம்பி, இது என்ன?"

"மீன் வைக்கிற தொட்டி, ஐயா."

"தலைமன்னாரில இருந்து மீன் வாங்கிக்கொண்டு போற ஆக்களை ஆயிரம் பேர் பாத்திருக்கிறன். மீனுக்கு வீடு வாங்கிக்கொண்டு போற ஆளை இப்பதான் பாக்கிறன்."

வாப்பா தொட்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். விரலால் சட்டத்தின் மூலைகளைத் தடவினார். மச்சான் போனதிலிருந்து அவரும் பட்டறைக்குச் சரியாகப் போகவில்லை. "தண்ணி உள்ள வராம அடைக்கிறதுதான் இவ்வளவு காலமும் செஞ்சன்" என்றார். "வெளிய போகாம அடைக்கச் சொல்லி இண்டைக்குத்தான் ஒருத்தன் கேக்கிறான்." சொல்லிவிட்டு, தோணிப் பலகைக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். குங்கிலியத்தை இடித்து, சுறா எண்ணெயில் காய்ச்சி, பஞ்சில் தோய்த்து மூலைகளுக்குள் அழுத்தி, அதன்மேலும் எண்ணெய் பூசினார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வீடு முழுக்கச் சுறா நாறியது. எங்களுக்கு அது நாற்றமாகத் தெரியவில்லை, நாங்கள் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

வைக்க இடம் இல்லை. வெளியே வைத்தால் ஆடு முட்டும், கோழி ஏறும். முன்னறையில் குர்ஆன் ஓதுகிறவர்கள் வருவார்கள், போவார்கள். மிஞ்சியது தங்கச்சி இருந்த அறைதான். சின்ன மேசை ஒன்றை அங்கே போட்டு, அதன்மேல் வைத்தேன். கிணற்றில் அப்போதுதான் அள்ளிய தண்ணீரை ஊற்றினேன். ஊரோரத் துரவுக் குட்டைக்குப் போய்ச் சாரனை வலையாக விரித்து, விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் கொஞ்சம் பிடித்து வந்து விட்டேன்.

தொட்டி நிறைந்து மீன் ஓடியபோது தங்கச்சி சுவரிலிருந்து திரும்பினாள். கழுத்து மட்டுமல்ல, உடம்போடு திரும்பினாள். உம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். "பாத்தியா? பாத்தியா? அது சாகாமப் பாத்துக்க மகன். அதையாவது பாக்கிறாளே."

அதிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது.

அன்று பின்னேரமே பிரச்சினை கிளம்பியது. சாச்சி, அதாவது உம்மாவின் தங்கச்சி, எட்டிப் பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்தாள். "ராத்தா, இத்தா இருக்கிற அறைக்குள்ள இதை வெச்சிருக்கிறீங்க. இதுகளுக்குள்ள ஆம்பிளை மீனும் இருக்குமே?"

உம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதை அவள் யோசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். தொட்டியைச் சுற்றிக் குந்தினார்கள்.

"எப்பிடிப் பாக்கிறது?"

"மீசை இருந்தா ஆண்."

"அப்பிடியெண்டா கெளுத்தி எல்லாம் ஆம்பிளையா? சினைக் கெளுத்தியை நீ தின்னலியா போன கிழமை?"

"எனக்கென்ன தெரியும், எங்கட வீட்டில மீசை உள்ளதும் ஆண்தான், மீசை இல்லாததும் ஆண்தான், ஒண்டுக்கும் வேலை வெட்டி கிடையாது."

சிரிப்பு எழும்பியது. பிறகு இது சிரிக்கிற வீடு அல்ல என்று ஞாபகம் வந்து அடங்கியது. கடைசியில் சாச்சி முன்னறையில் ஓதிக்கொண்டிருந்த லெப்பையிடம் திரைக்குப் பின்னால் நின்று கேட்டே விட்டாள். லெப்பை ஓதலை நிறுத்தினார். "சட்டிக்குள்ள போடும்போது ஆணா பொண்ணா எண்டு கேட்டீங்களா?" என்றார். "இல்ல, லெப்பை." "அப்ப தொட்டிக்குள்ள போடும்போதும் கேக்க வேணாம்." மறுபடி ஓதத் தொடங்கினார்.

மீன் இருக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் மறுநாள் காலையில் அவை எல்லாம் மேலே வந்து, தண்ணீரின் மட்டத்தில் வாயை வைத்து, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். சாச்சி பார்த்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டாள். "பாருங்கோ, அல்லாஹ்ட பேரைச் சொல்லித் திக்ரு செய்யுது! சுபுஹானல்லாஹ், மௌத்தான வீட்டில வந்து மீன் திக்ரு செய்யுது!" பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது என்று சொன்னால் என்னைப் படித்தவன் என்று சொல்ல மாட்டார்கள். தோன்றியது.

"திக்ரு இல்ல."

எல்லாரும் திரும்பினோம். தங்கச்சி பேசியிருந்தாள். மூன்று கிழமைக்கு மேல் பேசாத தொண்டை, பழைய கதவு மாதிரிச் சத்தம் வந்தது.

"மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு" என்றாள். "எனக்குத் தெரியும்."

 நான் குனிந்து பார்த்தேன். தண்ணீரின் மேல் மெல்லிய தோல் ஒன்று படர்ந்திருந்தது. சரிந்து பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னியது. சுறா எண்ணெய். தோணிக்கு வெளியே பூசுகிற எண்ணெய் பெரிய கடலோடு போய்விடும். இங்கே போக இடமில்லை. காற்று தண்ணீருக்குள் இறங்குகிற வழியை அது மூடிவிட்டது. நான் துணியால் அந்தத் தோலை எடுத்தேன், மறுபடி படர்ந்தது. தண்ணீரை மாற்றினேன், மறுபடி படர்ந்தது. அன்று வேலைக்குப் போகவில்லை. நடுப்பகல் லுஹருக்குள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

தங்கச்சி கடைசி மீன் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு இரண்டு வாயும் வாங்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை.

உம்மா என்னை ஏசினாள். "ஒரு மௌத்துப் போதாதெண்டு அவளுக்கு முன்னால இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்து சாகடிச்சிட்டியே. தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது உடை." அவள் சொன்னது சரிதான். நான் தொட்டியை முற்றத்துக்குத் தூக்கினேன். உடைக்கவில்லை. அதையும் என்னால் விளக்க முடியாது. மீனைப் பார்த்த அந்த இரண்டு நாளில்தான் அவள் திரும்பியிருந்தாள், பேசியும் இருந்தாள். வேறு எதற்கும் திரும்பவில்லை. கையில் வேறு ஒன்றும் இல்லை.

வாப்பா குங்கிலியத்தைச் சுரண்டி எடுத்தார். நான் இறங்குதுறையில் கப்பல் வேலைக்காரர்களிடம் கெஞ்சி, கப்பல் அடைக்கிற கறுத்த கீல் ஒரு கட்டி வாங்கி வந்தேன். எண்ணெய் சேர்க்காமல் கீலை மட்டும் உருக்கி மூலைகளில் ஊற்றினோம். சாம்பலும் தேங்காய்த் தும்பும் வைத்து எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை கண்ணாடியைத் தேய்த்தேன். பிறகு தண்ணீர் நிரப்பி முற்றத்தில் ஊறவிட்டோம். காலையில் எழுந்தவுடன் போய்ச் சரிந்து பார்ப்பேன், தோல் மின்னுகிறதா என்று. மின்னினால் தண்ணீரைக் கொட்டி மறுபடி நிரப்புவேன். மின்னாத நாள் வரும்வரை அதைச் செய்தேன்.

அதற்கிடையில் ஒரு விடுமுறை நாளில் வயல் வாய்க்காலில் மீன் பிடிக்க அடம்பனுக்குப் போனேன். நெல் ஏற்றி வந்த வண்டில் வெறுமையாகத் திரும்பியது, அதிலே ஏறிப் போனேன். போகிற வழியெல்லாம் ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். கந்தோரில் ஓர் உத்தியோகத்தனை வேறு ஊருக்கு மாற்றினால் அவன் பாயையும் தலையணையையும் கொண்டுதான் போகிறான். நான் மீனை மட்டும் பிடித்து வந்து, வெறும் கண்ணாடிக்குள், அன்று அள்ளிய கிணற்றுத் தண்ணீரில் விட்டிருக்கிறேன். அது எங்கே படுக்கும்? அதனால் இந்தத் தரம் வாய்க்கால் மண்ணில் ஓர் ஓலைக் கடகம், வேரோடு பிடுங்கிய பாசி, அதே வாய்க்கால் தண்ணீரில் இரண்டு குடம், எல்லாவற்றோடும் சேர்த்து மீன்களை ஒரு வாயகன்ற மண்முட்டியில் எடுத்து வந்தேன். வரும்போது குலுங்கினால் காற்றுப் படட்டும் என்று முட்டியின் வாயை வலைத் துணியால் மட்டும் கட்டினேன். வண்டில்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். "தம்பி, வயலையும் தூக்கிக்கொண்டு போங்கோவன்" என்றார்.

தொட்டியை மறுபடி தங்கச்சியின் அறை மேசையில் வைத்து, மண்ணைக் கழுவிக் கீழே பரப்பினேன். பாசியை ஊன்றினேன். வாய்க்கால் தண்ணீர் பாதி, வெயிலில் ஒரு நாள் வைத்திருந்த கிணற்றுத் தண்ணீர் பாதி. மீனை உடனே விடவில்லை. தண்ணீர் கலங்கித் தெளிந்தது. மறுபடி லேசாகக் கலங்கித் தெளிந்தது. அப்போது ஒரே ஒரு மீனை விட்டேன். அது இரண்டு மூன்று நாள் இருந்து, பாசிக்குள் புகுந்து விளையாடத் தொடங்கிய பிறகுதான் மற்றவற்றை ஒவ்வொன்றாக விட்டேன். மற்றவை அதுவரை முட்டிக்குள் இருந்தன.

பாசிக்கு வெளிச்சம் வேண்டும். இத்தா அறையின் யன்னல் பூட்டியே இருந்தது, ஒழுங்கையில் போகிற ஆம்பிளை பார்க்கக் கூடாது என்பதற்காக. உம்மாவும் சாச்சியும் நானும் நின்று அதைப் பற்றிப் பேசினோம். கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்துவிட்டு மேற்பாதியைத் திறப்பது என்று முடிவாயிற்று. வெயில் நேராக விழாத பக்கத்துக்கு மேசையை நகர்த்தினேன். பல்லி விழாமல் மேலே மெல்லிய சீலையைக் கட்டினேன்.

தங்கச்சி முதலில் திரும்பவில்லை. நான் இருக்கிற நேரத்தில் திரும்பவில்லை என்று சொல்ல வேண்டும். ஒருநாள் நான் கந்தோரால் வந்தபோது பாய் மேசைப் பக்கமாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. உம்மா கண்ணைக் காட்டினாள். இன்றைக்கு நாலு வாய், என்று விரலால் காட்டினாள். அடுத்த நாளும் நாலு. பிறகு அரைக்கோப்பை கஞ்சி. மீன் சாப்பிடும் நேரத்தில் அவளும் கொஞ்சம் சாப்பிட்டாள். அவளுக்கு மீன் வேடிக்கை காட்டுகிறது என்று சாச்சி சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவல் இருக்கிறவள் மாதிரி இருந்தாள். அவற்றுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாம் நாள் கத்தம், மௌத்தானவருக்காக ஓதிச் சாப்பாடு கொடுக்கிற நாள், வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் தங்கச்சியைக் கட்டிப் பிடித்து அழுதார்கள், அவள் மரக்கட்டை மாதிரி இருந்தாள். அழுது முடித்தவர்கள் தொட்டியைப் பார்த்தார்கள். முதலில் யார் தொடங்கியது என்று தெரியாது. வாயில்லாச் சீவனுக்குப் போட்டால் மையத்துக்கு நன்மை போய்ச் சேரும் என்று ஒருத்தி சோற்றுப் பருக்கை போட்டாள். அடுத்தவள் ரொட்டி கிள்ளிப் போட்டாள். நெய்ச்சோற்றை ஒருத்தி உருண்டையாகவே விட்டாள். வந்த ஒவ்வொருத்தியும் மச்சான் பேரில் ஒரு பங்கு.

பின்னேரம் நான் பார்க்கும்போது தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராகக் கிடந்தது. கையை விட்டு எல்லாவற்றையும் அள்ளினேன். முக்கால் மீனும் தப்பியது. இரண்டு செத்தன. தங்கச்சி பாயைச் சுவர்ப் பக்கம் இழுக்கவில்லை, ஆனால் அன்றைக்கு ஒரு வாய்தான்.

அதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். நிற்கவில்லை. மச்சானின் உம்மா வரத் தொடங்கினா.

அவவை நாங்கள் மாமி என்போம். மெலிந்த மனிசி, இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தா. மகன் மௌத்தான பிறகு வீட்டுக்கு வெளியே வராதவ, கத்தத்தன்று மீனைப் பார்த்துவிட்டுப் போய், மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்தா. கையில் மூடின ஒரு சிறு கிண்ணம். அந்த வீட்டில் பானை இறக்கியதும் முதல் அகப்பைச் சோறு மகனுக்கென்று எடுத்து வைப்பது மாமியின் பழக்கம். மகன் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகும் எடுத்து வைத்தா. அவர் போகிற வருகிற வழியில் நின்று இரண்டு வாய் தின்றுவிட்டு வருவார், எங்கள் உம்மாவுக்கு அது தெரியும், தெரியாத மாதிரி இருப்பாள். இப்போது அந்தச் சோற்றை மாமி கொண்டுவந்து தொட்டிக்குள் கொட்டினா. உட்கார்ந்து, மீன் கொத்துவதைப் பார்த்தா. போய்விட்டா. அடுத்த நாளும் வந்தா.

நான் கந்தோரால் வரும்போது தண்ணீர் வெளுத்துக் கிடக்கும். கீழே பருக்கைகள் ஊதிப்போய், பஞ்சு பிடித்த மாதிரி. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் வெளியே எடுத்து, வெயிலில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றுவேன். எவ்வளவு அள்ளினாலும் மண்ணுக்குள் போனது போனதுதான். மீன்கள் மறுபடி மேலே வரத் தொடங்கின. தங்கச்சியின் சாப்பாடு மறுபடி இரண்டு வாய்க்கு இறங்கியது.

"மாமியிட்டச் சொல்லுங்கோ" என்றேன் உம்மாவிடம்.

"என்னெண்டு சொல்ல? மகனுக்குப் போடாதேங்கோ எண்டா? நீ சொல்லு, நீதானே படிச்சவன்."

ஒரு வெள்ளிக்கிழமை நான் வீட்டில் நின்றேன். மாமி கிண்ணத்தோடு வந்தபோது வழியில் மறித்தேன். "மாமி, மீனுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு பருக்கையை நசுக்கிப் போட்டாலே போதும். மிச்சம் ஊறித் தண்ணி கெட்டுப்போகுது. மீன் செத்துப்போகும்."

மாமி என்னை ஏறிட்டுப் பார்த்தா. "உனக்கு இந்தக் கையால எத்தினை தரம் சோறு போட்டிருப்பன்? எண்ணினியா?"

"இல்லை, மாமி."

"அப்ப இதையும் எண்ணாதே."

சாச்சி பின்னால் நின்று சேர்ந்துகொண்டாள். "இங்கிலீசு படிச்சா மீனுக்குச் சோறு போடுறதும் குத்தமாப் போகுமோ? துரைமார் சொல்லித் தந்தாங்களாக்கும்."

நான் வழியை விட்டேன். வேறு என்ன செய்ய? மாமி உள்ளே போனா. நானும் பின்னால் போய் அறை வாசலில் நின்றேன். தொட்டிக்குள் நாலு மீன் மிஞ்சியிருந்தது. அதில் ஒன்று மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு நின்றது. தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது, இந்த நாலும் போனால் இன்னொரு தரம் அடம்பனுக்குப் போய் வருவதில் பிரயோசனம் இல்லை. அவள் திரும்ப மாட்டாள். அதைத் தெரிந்துகொண்டும் நான் வாசலில் நின்றேன். பயம் என்று சொல்ல ஏலாது. ரயில் வருவதைத் தூரத்தில் நின்று பார்ப்பது போல நின்றேன்.

மாமி சீலையை நீக்கினா. கிண்ணத்தைத் திறந்தா. சோற்றை அள்ளிக் கையைத் தொட்டிக்கு மேலே கொண்டுபோனா.

தங்கச்சி அந்தக் கையைப் பிடித்தாள்.

"மாமி. போதும்."

மாமி கையை இழுத்தா. அவள் விடவில்லை. அந்த மெலிவுக்குள் அவ்வளவு பிடி எங்கே இருந்தது என்று தெரியாது.

"இதுகளுக்கு ஏலாது, மாமி. மூச்சு முட்டுது. பாருங்கோ."

"என்ட புள்ளைட பங்கு" என்றா மாமி. குரல் ஏறவில்லை. கடைக்காரனிடம் கணக்குச் சொல்வது போலச் சொன்னா. "எடுத்து வெச்சிட்டன். எடுத்து வெச்சதைத் திரும்பப் பானைக்குள்ள போட ஏலாது. நாய்க்குப் போடவும் மனமில்லை. எங்க கொண்டுபோய்ப் போடச் சொல்றாய்?"

தங்கச்சி கையை விடாமல் தொட்டியைப் பார்த்தாள். தொட்டிக்குள் அந்த மீன் மேலே வருவதும் இறங்குவதுமாக இருந்தது.

"எனக்குத் தாங்கோ."

மாமிக்கு விளங்கவில்லை. கையில் சோறு அப்படியே இருந்தது. தங்கச்சி அந்தக் கையைத் தன் பக்கம் திருப்பி, குனிந்து, மாமியின் கையிலிருந்தே வாயில் எடுத்தாள். வெறும் சோறு. ஆறிப்போனது, கறி இல்லை. மென்றாள், விழுங்கினாள். மறுபடி குனிந்தாள். வேலை செய்கிற மாதிரிச் சாப்பிட்டாள், ருசி பார்க்கிற மாதிரி இல்லை. மாமி கிண்ணத்திலிருந்து அள்ளிக் கொடுத்தா. உம்மா என் பின்னால் வந்து நின்றாள், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு.  கிண்ணம் முடிந்ததும் மாமி கையை உதறிவிட்டு, அதே கையால் தங்கச்சியின் வாயைத் துடைத்துவிட்டா. பிறகு எழும்பி, வந்த மாதிரியே போய்விட்டா.

தங்கச்சி வாசல் பக்கம் பார்த்தாள். "நானா, அடியில கிடக்கிறதை எடுங்கோ. பாதித் தண்ணி மாத்துங்கோ, முழுக்க மாத்தாதேங்கோ."

எடுத்தேன். சிரட்டையால் தண்ணீரை அள்ளினேன், வாளியில் ஊற்றினேன், முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். முருங்கைக்கு ஊற்றினேன் என்று நினைக்கிறேன். உம்மா என்னைப் பார்த்து, "அவள் தின்னுட்டாள்" என்றாள். "ஓம்" என்றேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. அது எனக்குள் வந்து சேரவில்லை. வாளி கனமாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது. மேலே நின்ற மீன் பின்னேரத்துக்குள் செத்தது. தங்கச்சியே அதை எடுத்து இலையில் வைத்து உம்மாவிடம் நீட்டினாள். மற்ற மூன்றும் பாசிக்குள் இறங்கிவிட்டன.

அதன் பிறகு மீனுக்குச் சோறு போடும் அதிகாரம் அவளிடம் போயிற்று. யார் வந்தாலும் ஒரு பருக்கை, அதையும் நசுக்கி, அவள் கையால்தான். மூன்று மீனும் தின்றுவிட்டு மேலே பார்த்தால் போடுவாள், இல்லாவிட்டால் இல்லை. ஒரு நாளைக்குப் போடாமலும் விடுவாள். "இண்டைக்கு இதுகளுக்கு நோன்பு" என்று வந்தவர்களிடம் சொன்னாளாம். தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. கண்ணாடியின் பின்பக்கம் பச்சை படிந்தது, நான் தேய்க்கப் போனபோது வேண்டாம் என்றாள், மீன் அதைக் கொத்துகிறது என்றாள்.

மாமி நிற்கவில்லை. லுஹருக்குப் பிறகு வந்துகொண்டேயிருந்தா. ஆனால் கிண்ணம் மாறியது. இரண்டாம் மூன்றாம் நாளிலேயே பெரிய கிண்ணம், சோற்றுக்கு மேல் பருப்பு. பிறகு சொதி. ஒருநாள் நான் பின்னேரக் கப்பல் வேலைக்குப் போவதற்காக முன்னறையில் நின்று சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரைக்கு அப்பால் அவர்கள் இரண்டு பேரும்.

"உப்புக் கூடிப்போச்சு, மாமி."

"உப்பெல்லாம் அளவாத்தான் போட்டன்."

"கூடிப்போச்சு. நீங்க தின்னு பாருங்கோ."

கிண்ணம் நகர்ந்த சத்தம் கேட்டது. மாமி தின்று பார்த்திருக்க வேண்டும்.

"கூடித்தான் போச்சு" என்றா. "உன்ட புருஷன் இப்பிடித்தான் தின்பான், ஒண்டும் சொல்ல மாட்டான். நாளைக்குக் குறைச்சுப் போடுறன்."

"ஓம்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தேன்.